தீண்டாத வைத்தியம்

கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது. கரண்ட் வைத்தாகிவிட்டது. கீமோ ஊசி தவணை முடிந்தாகிவிட்டது. 'உசுரு பொழைச்சுட்டீங்க, வீட்டுக்குப் போங்க' என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பிழைத்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தோளுக்கு மேலே போகாத கையோடு, ஒரு விரலுக்கு மேல் திறக்காத வாயோடு, மரத்துப்போன காலோடு ஒரு கூலிக்காரி பள்ளிபாளையத்துக்கோ ராசிபுரத்துக்கோ ஆத்தூருக்கோ பஸ் ஏறுகிறாள். அவள் பிழைத்தது ஆஸ்பத்திரிக் கணக்கில் வெற்றி. அவள் வீட்டுக் கணக்கில்?

புற்றுநோய் சிகிச்சை என்றால் கத்தி, கதிர், மருந்து என்ற மூன்றுதான் என்று நாட்டில் ஒரு நினைப்பு இருக்கிறது. நாலாவதாக ஒன்று உண்டு தோழர்களே. கையைக் காலைப் பழக்கி, வாயைத் திறக்க வைத்து, மூச்சைச் சீராக்கி, ஆளைத் திரும்பவும் வேலைக்கும் வீதிக்கும் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை. ஏட்டில் அதற்கு இயன்முறை சிகிச்சை, மறுவாழ்வு என்று பெயர். ஊரில் 'பிசியோ'. நான் அந்த வேலை செய்கிறவள். சேரியில் பிறந்து, பண்ணையாள் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்து, இயன்முறை படித்து, இந்த சேலம் நாமக்கல் சமவெளியில் தறிக்காரர், கிழங்கு மில்காரர், காட்டு வேலைக்காரர் வீடுகளில் கை பிடித்துப் பழக்கிக்கொண்டிருப்பவள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நாலாவது வேலை ஏழைக்குக் கிடைக்காமல் போவதற்குப் பணப் பற்றாக்குறை மட்டும் காரணம் அல்ல. அது தொட்டுச் செய்கிற வேலை. தொடுவதைக் கேவலம் என்று ஆக்கி வைத்திருக்கும் சமூகத்தில், தொட்டுச் செய்யும் வைத்தியம் கடைசி வரிசையில்தான் நிற்கும். யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களும் அதே கடைசி வரிசையில்தான் நிற்கிறார்கள். இது தற்செயல் இல்லை.

கை என்றால் கூலி

ஆபீஸ்காரர் கையும் கூலிக்காரர் கையும் டாக்டர் புத்தகத்தில் ஒன்றுதான். எலும்பும் ஒன்று, நரம்பும் ஒன்று. வாழ்க்கையில் ஒன்று அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வலது தோள் பாதிக்கு மேல் தூக்க வரவில்லை என்றால் அது தொந்தரவு. மாசம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். குமாரபாளையத்துத் தறிப்பட்டறையில் அறுந்த பாவு இழையை எட்டிப் பிடித்து முடிச்சுப் போடுகிறவளுக்கு அதே தோள் போனால் வேலை போச்சு. சேலம் லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவருக்கு, சேகோ மில்லில் கிழங்குத் தோல் உரிக்கிறவளுக்கு, வெள்ளிப் பட்டறையில் கொலுசு பத்தவைக்கிறவருக்கு, நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை அட்டை அடுக்குகிறவளுக்கு கைதான் நிலம், கைதான் பேங்கு. நமக்குக் காடு கிடையாது, தோட்டம் கிடையாது, அப்பன் எழுதிவைத்த சொத்து கிடையாது. இருக்கிறது இந்த ரெண்டு கை.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது அக்குளில் இருக்கிற நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கு ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்து நிறுத்திக்கொள்ள முடியும். முற்றிய பிறகு வருகிறவர்களுக்கு முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். முற்றிய பிறகு வருவது யார்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்கள்தான். அப்படி முழுக்க எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. ஓட வேண்டிய நிணநீர் ஓட வழியில்லாமல் கையிலேயே தேங்குகிறது. கதிர் சிகிச்சையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மாசக்கணக்கில், சில பேருக்கு வருசக்கணக்கில் கழித்துக்கூட வீக்கம் ஆரம்பிக்கும். முதலில் வளையல் இறுகும். பிறகு ஜாக்கெட் கை ஏறாது. பிறகு கை மரக்கட்டை மாதிரி கனக்கும். ஒரு சின்னக் கீறல் பட்டால் காய்ச்சலோடு சிவந்து பொங்கும்.

இதைத் தடுக்க முடியும், குறைக்க முடியும். அறுவைக்கு முந்தியே கையின் சுற்றளவை டேப் வைத்து அளந்து எழுதிவைக்க வேண்டும். மறுநாளே விரலை மடக்கி நீட்டப் பழக்க வேண்டும். குழாய் எடுத்த பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரு சாண் மேலே ஏற்ற வேண்டும். வீக்கம் வந்துவிட்டால் தோல் பராமரிப்பு, முறையான தடவல், குறைவாக நீளும் கட்டுத்துணியால் கட்டு, கட்டோடு பயிற்சி என்று சேர்த்துச் செய்ய வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரண கிரேப் பேண்டேஜ் இதற்கு ஆகாது. இதெல்லாம் ராக்கெட் விடுகிற காரியம் இல்லை. ஒரு டேப்பு, ஒரு சுவர், ஒரு கட்டுத்துணி, தெரிந்த ஒரு ஆள். அந்த ஆள்தான் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது? அறிவுரை இருக்கிறது. 'கனமா எதையும் தூக்காதீங்கம்மா.' அவ்வளவுதான். ராசிபுரம் பக்கத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டது: 'கொடம் தூக்காத, மூட்ட தூக்காதன்னா நான் எதைத் தூக்கித் திங்கறது கண்ணு?' இந்தக் கேள்விக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் பதில் இல்லை. ஆனால் ஆராய்ச்சியில் பதில் உண்டு. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் கை வீங்கிய 141 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கண்காணிப்போடு எடை தூக்கப் பழக்கினார்கள். ஒரு வருசம். வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது எடை தூக்கியவர்களில் 14 விழுக்காடு, தூக்காதவர்களில் 29 விழுக்காடு. 'தூக்காதே' என்ற பழைய வேதவாக்கு அன்றைக்கே உடைந்துவிட்டது. உடைந்த செய்தி இன்னும் நம் ஊர் பஸ் ஏறி வந்து சேரவில்லை. அறிவு மேலேயே தங்கிவிடுகிறது. அறிவுரை மட்டும் கீழே இறங்குகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். 'அப்போ கூலி வேலையே எக்சர்சைஸ்தானே, போய்ச் செய்யட்டும்' என்று சில மேதாவிகள் கிளம்புவார்கள். கிடையாது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் எடையை முடிவு செய்வது மேஸ்திரி. பயிற்சியில் முடிவு செய்வது கை. அரைக் கிலோவில் ஆரம்பித்து, கையைப் பார்த்து, நிறுத்தி, கூட்டிக் கொண்டுபோய், மூன்று மாசம் கழித்துக் குடத்துக்கு வந்து சேர்வதுதான் பயிற்சி. முதல் நாளே மூட்டையைத் தலையில் ஏற்றுவது கொலை.

வாய், தோள், கால், வயிறு

நம் ஜனங்களில் வாய்ப் புற்றுநோய்க்குப் பஞ்சம் இல்லை. புகையிலையும் பாக்கும் பசியை மறக்கவைக்கும் சாமான்கள். ரெட்டை ஷிப்ட் தறி ஓட்டுகிறவன் தூக்கத்தை எதைக் கொண்டு அடக்குவான்? அறுவை, கதிர் எல்லாம் முடிந்த பிறகு தாடை இறுகிப்போகிறது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 35 மில்லிமீட்டர் திறக்கவில்லை என்றால் அதை வாய்ப்பூட்டு என்று கணக்கு வைக்கிறார்கள். சுமாராக அவரவர் விரலில் மூன்று விரல். சோறு போகாது, பல் விளக்க முடியாது, கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்க்கவும் முடியாது. இதற்கு வெளிநாட்டுக் கருவிகள் விலை கூடுதலாக உண்டு. நான் பயன்படுத்துவது ஐஸ் குச்சி. தட்டையான மரக்குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, போகப்போக ஒரு குச்சி சேர்ப்பது. கதிர் சிகிச்சை நடக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். இறுகிய பிறகு திறப்பது பெரும்பாடு.

கழுத்தில் கணு எடுக்கும்போது தோளைத் தூக்குகிற நரம்புக்குச் சேதம் வரலாம். அப்போது தோள் தொங்கிவிடும். சுமைதூக்கும் ஆளுக்குத் தோள் தொங்கினால் அவர் குடும்பமே தொங்குகிறது. குரல்வளையை எடுத்துவிட்டால் பேச்சு போகிறது. பேச்சைத் திரும்பக் கொண்டுவர வழிகள் உண்டு. பெங்களூரு டாக்டர் விஷால் ராவ் உருவாக்கிய 'ஓம்' என்ற குரல் கருவிக்கு ஏறக்குறைய 50 ரூபாய்தான் விலை என்று சில ஆண்டுகளுக்கு முன்பே பத்திரிகைகளில் வந்தது. கருவி மலிவாகிவிட்டது. கருவியைப் பொருத்தவும், பொருத்திய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொடுக்கவும் ஆள் எங்கே?

சில கீமோ மருந்துகள் பாதத்து நரம்பைக் கெடுக்கும். கால் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, கல் குத்தினாலும் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். அவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது: செருப்பில்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். எளிய மருத்துவ வாக்கியம். ஆனால் கொங்கு மண்ணில் அது அரசியல் வாக்கியம். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று நம்மைத் தடுத்து வைத்திருந்த மண் இது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் ஒரு தெருவில் தலித்துகள் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்து அந்தத் தடையை உடைத்தது 2023 டிசம்பரில். போன நூற்றாண்டில் இல்லை. ஊருக்கெல்லாம் செருப்பு தைத்துக் கொடுத்தவனின் காலில் செருப்பு கூடாது என்ற சட்டம் இருந்த இடத்தில், மரத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுப்பதோடு வைத்தியம் முடிந்துவிடுமா? போட்டு நடக்கத் தெரு வேண்டாமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள். கதிர் சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்பு சுருங்கி இறுகலாம், சிறுநீர் சொட்டலாம், கால் வீங்கலாம். இறுகாமல் இருக்க விரிப்பான் வைத்துப் பழகுவது, அடிவயிற்றுத் தசையைப் பலப்படுத்துவது என்று வழிகள் உண்டு. யாரும் சொல்வதில்லை. புருசன் விட்டுவிட்டுப் போன பிறகு 'நோய்க்காரி' என்ற பட்டம் மட்டும் மிச்சம். பெண்ணின் உடம்பும் சேரியின் உடம்பும் சேர்ந்து ஒரே உடம்பாக வந்து நிற்கும்போது வைத்தியத்துக்கு வாய் அடைத்துப்போகிறது.

தொடாமல் செய்யும் வித்தை

வேலையை உயர்வு தாழ்வு என்று அடுக்கி, ஆளையும் பிறப்பிலேயே அதோடு சேர்த்துக் கட்டியது சாதி என்பதை அம்பேத்கர் 1936இலேயே போட்டு உடைத்தார். ஆஸ்பத்திரிக்குள் போனால் அந்த அடுக்கு வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்டுகிறவர் மேலே. மருந்து எழுதுகிறவர் மேலே. கழுவுகிறவர், துடைக்கிறவர், தூக்குகிறவர், புரட்டுகிறவர், பிடித்துவிடுகிறவர் கீழே. கையால் உடம்பைத் தொட்டு அதிக நேரம் செலவிடும் வேலை எதுவோ அது தாழ்ந்த வேலை. நிமிசத்தில் பார்த்துவிட்டு நகர்கிற வேலை உயர்ந்த வேலை.

இயன்முறைக்காரர்களும் இந்த அடுக்கில் ஏறப் பார்க்கிறார்கள். கையை விட்டுவிட்டு மெஷினைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒயரை ஒட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிசம். ஒரு தனியார் இடத்தில் நான் வேலை பார்த்தபோது கண்ணால் பார்த்தேன். கார் வைத்திருப்பவருக்குக் கை படும். அழுக்குச் சேலைக்கு ஒயர் படும். புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தின்மேல் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை கூடாது என்று முதல் வருசப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மெஷின் விலக வேண்டிய நோய் இது, கை நெருங்க வேண்டிய நோய் இது. அங்கேதான் கை பின்வாங்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் தொடப் போகும்போது 'நீங்க எந்த ஊருங்க? எந்தப் பக்கமுங்க?' என்று கேட்கிறார்கள். ஊரைக் கேட்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பதில் சொன்ன பிறகு 'இன்னைக்கு வலி இல்லீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று கையை இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. சாகப்போகிறோம் என்ற பயம்கூடச் சாதியை அசைக்கவில்லை என்றால் அது எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்று பாருங்கள். அதே வீட்டில் மூன்றாவது வாரம் கையைத் தானாக நீட்டியவர்களும் உண்டு. தோள் இறங்கினால்தான் ஆச்சாரமும் இறங்கும் போலிருக்கிறது.

தொடுதலே மருந்து என்பதை இந்தத் தமிழ் மண் ஏற்கனவே பார்த்திருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகளின் கையை, ஊரே விலக்கிய அந்தக் கையை, பால் பிராண்ட் 1940களின் கடைசியில் அறுவை செய்து நிமிர்த்த ஆரம்பித்தார். அறுவைக்கு முன்னும் பின்னும் விரல் விரலாகப் பிடித்துப் பழக்காமல் அந்தக் கை நிமிர்ந்திருக்காது. அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். அவர் தலைமையில் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. யார் தலைமை ஏற்றார் என்று கவனியுங்கள். உடம்பில் இழப்பைச் சுமந்தவர். அந்த இழப்போடு எப்படி வாழ்வது என்று உள்ளிருந்து அறிந்தவர்.

ஜெய்ப்பூர் கால் கதையையும் சேர்த்துப் பாருங்கள். எலும்புப் புற்றுநோயில் காலை இழந்தவர்களுக்கும் அது கால் கொடுத்திருக்கிறது. 1968 வாக்கில் அது பிறந்தபோது அதைக் கையால் வடித்தவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். வெறுங்காலோடு வயலில் நடக்க, குத்தவைத்து உட்கார ஏற்ற கால். கூட நின்ற டாக்டர் பி.கே. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது. டாக்டரின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் கை வேலைக்குக் கும்பிடு, தலை வேலைக்கு விருது என்ற இந்தப் பங்கீடு எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும்.

அரசாங்கத்தின் கணக்கு

சென்னை அடையாறில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது 12 படுக்கைகள். இன்றைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு ஆயிரம் வாசல்கள். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லுக்கும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போராடிப் பெற்ற உரிமைகள் இவை. ஆனால் காப்பீட்டின் மூளை படுக்கையோடு கட்டப்பட்டது. படுக்கையில் சேர்த்து வெட்டினால் அதற்குத் தொகை உண்டு. ஆறு மாசம் கழித்துக் கை வீங்கி, வாரம் மூன்று நாள் நடந்துவந்து கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் அந்தப் பஸ் காசுக்கும் கட்டுத்துணிக்கும் கூலி இழப்புக்கும் எந்த அட்டையைத் தேய்ப்பது?

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்பு சிகிச்சையும் வரும் என்றது. நல்ல எண்ணம், உண்மையாகவே வீடுகளுக்குப் போகிறது. ஆனால் கணக்கைப் போடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு இயன்முறைக்காரர். சேலம் மாவட்டத்தில் 20 ஊராட்சி ஒன்றியம், நாமக்கல்லில் 15. இரண்டும் சேர்த்து 35 பேர். பக்கவாதம், முழங்கால் வலி, முதுகுவலி, நடக்காத குழந்தை, முறிந்த எலும்பு எல்லாம் இந்த 35 பேர் தலையில். இதற்கிடையில் புற்றுநோய்க் கைக்கு எத்தனை நிமிசம் மிஞ்சும்? இவர்களும் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் ஓடுகிறவர்கள். தன் வேலையே நிலையில்லாதவர் அடுத்தவர் கையை எப்படி நிலைநிறுத்துவார்?

சட்டத்தைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குரல்வளை எடுத்ததால் வரும் பேச்சிழப்பு அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை பேர் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள்? நிணநீர் வீங்கிய கைக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. அசைவுக் குறைபாடு என்று நிரூபிக்க வேண்டும், விழுக்காட்டுக்கு மல்லுக்கட்ட வேண்டும். ஈ.எஸ்.ஐ. இருப்பவருக்குப் புற்றுநோய் வந்தால், நிபந்தனைகள் பொருந்தினால், கூலியில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டு வரைக்கும் பெற வழி உண்டு. பட்டறையில் பேரேடே இல்லாத தறித் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. எங்கே?

இந்த மண்ணில் உழைப்பாளியின் உடம்புக்கு ஒரே ஒரு திசைதான். எடுத்துக்கொள்வது. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகத்தைத் தரகர்கள் விலைபேசிய செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது போல நடித்தது. உடம்பிலிருந்து எடுப்பதற்குத் தரகு இருக்கிறது, கார் இருக்கிறது, ஆள் இருக்கிறது. உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் எதுவுமே இல்லை.

யார் தலைமை?

எந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று பெரிய டாக்டர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். கட்டியின் அளவு தெரியும், கணுவின் எண்ணிக்கை தெரியும். அந்த அம்மா என்ன வேலை செய்கிறாள்? எந்தக் கை? கேஸ் சீட்டில் 'தொழில்: கூலி' என்று ஒரு வார்த்தை. தறியும் கூலி, மூட்டையும் கூலி, களையெடுப்பும் கூலி. அந்த ஒரு வார்த்தைக்குள் பத்து வகையான உடம்பு புதைந்து கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் மறுவாழ்வுக்கு ஒரு நாற்காலி வேண்டும். உட்கார்ந்து தலையாட்டுவதற்கு அல்ல. 'இவருக்கு வலது தோள்தான் சோறு, அறுவைக்கு முன்னாலேயே பழக்க ஆரம்பிக்கிறேன், மூன்று மாசத்தில் தறிக்கு அனுப்புவது என் பொறுப்பு' என்று சொல்லும் அதிகாரத்தோடு.

'டாக்டர் இல்லாமல் எப்படி?' என்பார்கள். நம் பக்கத்து திண்டுக்கல்லைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கி அங்கே கிராமப் பெண்களுக்கு நர்சுகளே பரிசோதித்து, முன்குறி தெரிந்தவர்களுக்கு உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவு: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 விழுக்காடு குறைவு. கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களைப் பயிற்றுவித்து வீடு வீடாகக் கொண்டுபோனது. 2008இல் அரசே அதைக் கொள்கையாக்கியது. டாக்டர் வேண்டாம் என்று யார் சொன்னது? டாக்டர் மட்டுமே தலை, மற்றவர் எல்லாம் கைகால் என்ற மனுதர்மம்தான் வேண்டாம்.

2025இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடிந்த 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். ஒரு பாதிக்கு ஆரோக்கியம் பற்றிய புத்தகம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மூன்று வருசம் கூடவே ஆள் வைத்து உடற்பயிற்சிக்குப் பழக்கினார்கள். எட்டு வருசம் கழித்து, புத்தகம் வாங்கியவர்களில் 83.2 விழுக்காடு உயிரோடு. ஆள் வைத்துப் பழகியவர்களில் 90.3 விழுக்காடு. அதாவது பிசியோ என்பது வலிக்குத் தடவுகிற தைலம் இல்லை. உயிர் காக்கும் சிகிச்சை. நமக்குத் தருவது துண்டறிக்கை. அதையும் வாசிக்கத் தெரியாத அக்காவிடம் தருகிறார்கள்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வெட்டு நடந்தால் போகிறோம். தீ வைத்தால் போகிறோம். பிணத்தை வாங்க மாட்டோம் என்று பிணவறை வாசலில் உட்காருகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும் உடம்புக்காக ஆஸ்பத்திரி வாசலில் எப்போது உட்காரப் போகிறோம்? நோய் வீட்டு விஷயம், விதி, கர்மம் என்று நாமும் விட்டுவிட்டால் பார்ப்பனீயம் சொன்னதையே நாமும் சொன்னதாக ஆகாதா?

கேட்க வேண்டியதை எழுதிவைக்கிறேன். சண்டை பிடிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, புற்றுநோய் அறுவை நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் அதற்கென்றே நிரந்தரப் பணியில் இயன்முறைக்காரர்கள். அதில் பெண்கள் கட்டாயம். துறைக்குத் தலைமை அவர்களிடமே.

இரண்டு, வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கை உடைத்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒருவர். ஒப்பந்தம் ஒழிந்து நிரந்தர வேலை.

மூன்று, காப்பீட்டில் வெளிநோயாளியாக வரும் மறுவாழ்வு நாட்களும், கட்டுத்துணி, கைச்சட்டை, செருப்பு, குரல் கருவியும், வந்துபோகும் பஸ் காசும், அந்த நாளின் கூலியும்.

நான்கு, நிணநீர் வீக்கத்துக்கும் தாடை இறுக்கத்துக்கும் தோள் முடக்கத்துக்கும் ஊனச் சான்றிதழில் தெளிவான இடம்.

ஐந்து, நோயிலிருந்து மீண்ட சேரிப் பெண்களையும் தறித் தொழிலாளர்களையும் பயிற்றுவித்து, சம்பளம் கொடுத்து, இந்தக் குழுக்களில் சேர்க்க வேண்டும். சும்மா 'தன்னார்வலர்' என்று இலவசமாகச் சுரண்டுவதற்கு அல்ல. இன்னொரு பெண்ணின் வீங்கிய கையைப் பிடித்து 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று சொல்ல முடிந்தவருக்கு அந்தக் கூட்டத்தில் பேச உரிமை வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இன்றைக்கே இருக்கிறது. உங்கள் சேரியில் புற்றுநோய் சிகிச்சை முடிந்து வந்தவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேளுங்கள். ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். வாய்க்குள் மூன்று விரல் போகிறதா என்று கேளுங்கள். இரண்டு கையையும் டேப்பால் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். பாதத்தில் உணர்வு இருக்கிறதா, போட்டு நடக்கச் செருப்பு இருக்கிறதா, நடக்க விடுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குப் போங்கள். மனுவாக மட்டும் அல்ல, ஆட்களோடு. தூக்க முடியாத கைகள் ஐம்பது அந்த வளாகத்தில் ஒரே நேரத்தில் தூக்கப் பார்க்கட்டும். எது வரைக்கும் போகிறது என்று மாவட்ட நிர்வாகம் கண்ணால் பார்க்கட்டும். மறுவாழ்வுக்கு ஆள் போடுகிறோம் என்று தேதி போட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.